தினம் முப்பது லிட்டர் கசிவு, கடைசியில் போனது ஓர் அணு உலை: ப்ரூக்ஹேவன் 1997

1997 மே 1ஆம் தேதி, அமெரிக்க எரிசக்தித் துறைச் செயலாளராகப் பொறுப்பேற்று இரண்டு மாதம்கூட ஆகாத ஃபெடரிகோ பென்யா ஓர் ஒப்பந்தத்தை முறிப்பதாக அறிவித்தார். நியூயார்க் மாநிலம் லாங் ஐலண்டில் உள்ள ப்ரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடத்தை 1947இல் அது தொடங்கிய நாள் முதல் நடத்தி வந்தது அசோசியேட்டட் யுனிவர்சிட்டீஸ் என்ற அமைப்பு. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, கொலம்பியா என்று ஒன்பது பல்கலைக்கழகங்கள் சேர்ந்து உருவாக்கியது. அந்த அமைப்பைத்தான் வெளியே போகச் சொன்னார்கள்.

காரணம், அங்கிருந்த ஆராய்ச்சி அணு உலையின் ஒரு குளத்திலிருந்து டிரிட்டியம் (கதிரியக்கம் உள்ள ஹைட்ரஜன்) கலந்த தண்ணீர் மண்ணுக்குள் கசிந்துகொண்டிருந்தது. நாளொன்றுக்கு 6 முதல் 9 கேலன், அதாவது 23 முதல் 34 லிட்டர் வரை. அது பன்னிரண்டு ஆண்டுகள் வரைகூட நடந்திருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். கசிந்த நீர் ஆய்வுக்கூட எல்லையைத் தாண்டவில்லை. யாருடைய குடிநீரிலும் அது வரம்பு மீறிக் கலக்கவில்லை. மண்ணில் இறங்கிய டிரிட்டியம் எல்லாம் சேர்ந்து சுமார் 5 கியூரி (கியூரி என்பது கதிரியக்கத்தை அளக்கும் ஓர் அலகு). அமெரிக்கக் கட்டடங்களில் மின்சாரம் இல்லாமலே ஒளிரும் 'வெளியேறும் வழி' பலகைகள் உண்டு. அவற்றில் ஒரே ஒரு பலகைக்குள் இதைவிட அதிக டிரிட்டியம் இருக்கலாம்.

விஞ்ஞானிகள் இந்த ஒப்பீட்டை அன்றே சொன்னார்கள். கணக்கும் சரிதான். ஆனாலும் யாரும் சமாதானம் ஆகவில்லை. விஞ்ஞானிகளின் கணக்கு சரியாக இருந்தும் ஆய்வுக்கூடம் ஏன் தோற்றது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

இடமும் ஆட்களும்

மன்ஹாட்டனுக்குக் கிழக்கே ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தள்ளி, அப்டன் என்ற இடத்தில் பழைய ராணுவ முகாம் ஒன்று இருந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அந்த நிலத்தில்தான் ஆய்வுக்கூடம் எழுந்தது. அணு ஆயுதத்துக்காக அல்ல. ஒரு பல்கலைக்கழகத்தால் தனியாகக் கட்ட முடியாத பெரிய இயற்பியல் கருவிகளை எல்லோருக்கும் பொதுவாகக் கட்டுவதற்காக. மியூவான் நியூட்ரினோ என்ற துகள் அங்கே 1962இல் கண்டுபிடிக்கப்பட்டது. 1964இல் இரண்டு பெரிய கண்டுபிடிப்புகள்: சிபி சமச்சீர் மீறல் (பொருளும் எதிர்ப்பொருளும் ஒரே விதிப்படி நடப்பதில்லை என்பது) ஒன்று, ஒமேகா மைனஸ் துகள் இன்னொன்று. 1974இல் சாமுவேல் டிங் குழு ஜே துகளைக் கண்டது. ஒமேகா மைனஸைக் கண்ட குழுவை நடத்தியவர் நிக்கோலஸ் சாமியோஸ். கசிவு வெளியே தெரிந்தபோது ஆய்வுக்கூடத்தின் இயக்குநராக இருந்தவரும் அவர்தான்.

இந்த ஆய்வுக்கூடங்களின் நிர்வாக அமைப்பு நம் நாட்டு வழக்கத்துக்குச் சற்றுப் புதிது. நிலம், கட்டடம், கருவி எல்லாம் அமெரிக்க அரசுடையவை. பணமும் அரசுடையது. ஆனால் வேலை பார்க்கும் மூவாயிரம் பேரும் அரசு ஊழியர்கள் அல்ல, ஒப்பந்ததாரரின் ஊழியர்கள். மேற்பார்வைக்கு எரிசக்தித் துறையின் சிறு அலுவலகம் ஒன்று வளாகத்திலேயே இருக்கும். நல்ல காலத்தில் இது அறிவியலுக்கு நல்ல ஏற்பாடு, அரசியல் நேரடியாக உள்ளே வராது. கெட்ட காலத்தில் 'இது யார் பொறுப்பு?' என்ற கேள்விக்கு இரண்டு தரப்பும் எதிர்த்தரப்பைக் காட்டிவிடலாம்.

அந்த உலை

ஹை ஃபிளக்ஸ் பீம் ரியாக்டர் என்ற அந்த உலை 1965இல் இயங்கத் தொடங்கியது. மின்சாரம் தயாரிக்க அல்ல, நியூட்ரான்களைக் கற்றையாக வெளியே எடுப்பதற்காகவே வடிவமைத்தது. எக்ஸ் கதிர் எலக்ட்ரான்களைப் பார்க்கும்; நியூட்ரான் அணுக்கருவைப் பார்க்கும், ஹைட்ரஜனைப் பார்க்கும், காந்தத்தன்மையைப் பார்க்கும். ஜென் ஷிரானே போன்ற இயற்பியலாளர்கள் அங்கே நியூட்ரான் சிதறலை ஒரு கலையாகவே வளர்த்தார்கள். உயர் வெப்பநிலை மீக்கடத்திகளைப் பற்றிய முக்கியமான சோதனைகள் அந்த உலையில் நடந்தன. யேல் பல்கலைக்கழகத்தின் பீட்டர் மூரும் டொனால்ட் எங்கல்மனும் செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் சிறிய பகுதியில் எந்தப் புரதம் எங்கே இருக்கிறது என்று வரைபடம் போட்டதும் அதே நியூட்ரான்களைக் கொண்டுதான். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் அந்த மூரிடம்தான் ரைபோசோம் வேலையைத் தொடங்கினார். அப்புறம் 1983 முதல் 1995 வரை ப்ரூக்ஹேவனிலேயே விஞ்ஞானியாக இருந்தார். 2009இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசின் முன்கதையில் இந்த வளாகத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

உலையைக் குளிர்விக்கவும் நியூட்ரான்களின் வேகத்தைக் குறைக்கவும் கனநீர் பயன்பட்டது. கனநீரில் உள்ள டியூட்டீரியம் என்ற கனமான ஹைட்ரஜன் ஒரு நியூட்ரானை விழுங்கினால் டிரிட்டியம் ஆகிவிடும். அதைத் தவிர்க்கவே முடியாது. எரிந்து தீர்ந்த எரிபொருள் கட்டுகளை உலையிலிருந்து எடுத்துப் பக்கத்துக் குளத்துக்கு மாற்றும்போது, அவற்றில் ஒட்டிய கனநீரோடு டிரிட்டியமும் குளத்துக்குப் போகும். ஆண்டுக்கணக்கில் அது சேர்ந்துகொண்டே வந்தது.

அந்தக் குளம் 68,000 கேலன் கொள்ளும், ஏறக்குறைய 2.57 லட்சம் லிட்டர். கான்கிரீட்டில் கட்டி, உள்ளே ஓடு பதித்திருந்தார்கள். எஃகு உறை கிடையாது. 1960களின் தொடக்கத்தில் அப்படிக் கட்டுவது விதிமீறல் அல்ல. ஆனால் அடியில் இருந்தது மணல். லாங் ஐலண்டே பனிப்பாறைகள் விட்டுப்போன மணல் திட்டுதான். மேலே ஊற்றுவது கீழே இறங்கும். அந்த மணலுக்கு அடியில் இருக்கும் நிலத்தடி நீரைத்தான் தீவின் நசாவ், சஃபோக் கவுண்டிகளில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) 25 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் குடிக்கிறார்கள். வேறு ஆதாரம் இல்லை. மத்திய சுற்றுச்சூழல் முகமையே 1978இல் இதை 'ஒரே ஆதாரம்' என்று அறிவித்திருந்தது.

கிணறு தோண்டாத ஆண்டுகள்

வழக்கின் மையம் இங்கேதான் இருக்கிறது.

நிலத்தடி நீரைக் காப்பதற்காக சஃபோக் கவுண்டி கடுமையான சுகாதார விதி ஒன்றைக் கொண்டுவந்திருந்தது. ஆபத்தான திரவம் வைக்கும் தொட்டிகளுக்கு இரட்டைச் சுவர் வேண்டும், கசிந்தால் உடனே தெரிய வேண்டும் என்பது அதன் சாரம். 1987இல் எரிசக்தித் துறை, அந்த விதியின்படி நடப்பதாகக் கவுண்டியோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டது. குளம் அந்த விதிக்குப் பொருந்தவில்லை. இது ரகசியம் அல்ல, சம்பந்தப்பட்டவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான்.

குளம் கசிகிறதா என்று பார்க்காமலும் இல்லை. 1980களின் இறுதியிலும் 90களின் நடுவிலும் சோதித்தார்கள். நீர்மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று அளப்பார்கள், ஆவியாகிப் போவதைக் கழிப்பார்கள், மீதி ஏதாவது இருந்தால் அது கசிவு. கேட்பதற்குச் சரியான முறைதான். கோளாறு அளவில் இருந்தது. தினம் முப்பது லிட்டர் என்பது 2.57 லட்சம் லிட்டரில் ஏறக்குறைய எட்டாயிரத்தில் ஒரு பங்கு. திறந்த குளத்திலிருந்து நாளும் ஆவியாகும் நீர் இதைவிடப் பெரிய எண். பெரிய எண் ஒன்றைத் துல்லியமில்லாமல் கழித்துவிட்டு, மிச்சம் பூச்சியம் என்று சொன்னார்கள். அந்தப் பூச்சியத்தின் பிழை எல்லைக்குள்ளேயே முழுக் கசிவும் ஒளிந்துகொள்ளும். முதலாம் ஆண்டு இயற்பியல் ஆய்வக நோட்டில் மாணவன் இப்படி எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையில் வட்டம் போடுவார். உலகத்தின் மிக நுட்பமான அளவீடுகளைச் செய்தவர்கள் இருந்த வளாகத்தில் இது நடந்தது. ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: துகள் சோதனை நடத்தியவர்கள் வேறு, குளத்தைக் கவனித்தவர்கள் வேறு. பெரிய ஆய்வுக்கூடங்களில் திறமை சமமாகப் பரவியிருக்காது. மதிப்பும் அப்படித்தான். குளம் பார்ப்பவருக்கு யாரும் விருது கொடுப்பதில்லை.

குளத்தின் தெற்கே, நீரோட்டம் போகும் திசையில் இரண்டு கண்காணிப்புக் கிணறுகள் தோண்டினால் சந்தேகம் தீர்ந்துவிடும். கிணறு என்றால் நம்மூர் போர்வெல் மாதிரி ஒரு குழாய்தான், மாதிரி எடுப்பதற்காக. பெரிய செலவும் இல்லை. தோண்டுவதாக 1994இல் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் வேலைப் பட்டியலில் அது கீழேயே கிடந்தது. ஏன்? குளம்தான் கசியவில்லையே!

நான் திரும்பத் திரும்ப யோசிக்கும் இடம் இதுதான். இதை வெறும் அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது. 1989இல் ஆய்வுக்கூடம் நாட்டின் மோசமாக மாசுபட்ட இடங்களுக்கான சூப்பர்ஃபண்ட் பட்டியலில் சேர்க்கப்பட்டிருந்தது. பழைய குப்பைக் குழிகளிலிருந்தும் பட்டறைகளிலிருந்தும் இறங்கிய கரைப்பான் ரசாயனங்கள் நிஜமாகவே வேலிக்கு வெளியே போய்க்கொண்டிருந்தன. சுற்றுச்சூழலுக்கு ஒதுக்கிய பணமும் ஆட்களும் அங்கே தேவைப்பட்டார்கள். தெரிந்த பிரச்சினைக்கு முன்னுரிமை, இல்லை என்று நம்பிய பிரச்சினை கடைசியில். எந்த அலுவலகத்திலும் இப்படித்தான் வரிசை போடுவார்கள். 'கசியவில்லை' என்ற முடிவு ஓர் அளவீட்டின் முடிவாக மட்டும் இருந்திருந்தால் அதை மறுபடி சோதித்திருப்பார்கள். அது எல்லோரும் அறிந்த உண்மையாக மாறிவிட்டது. அதன் பிறகு அதைச் சோதிப்பது வீண்செலவாகத் தோன்றியது.

கடைசியில் 1996இல்தான் கிணறுகள் தோண்டினார்கள். முதல் மாதிரியில் கொஞ்சம் டிரிட்டியம் தெரிந்தது. அடுத்த மாதிரியின் முடிவு 1997 ஜனவரியில் வந்தது: லிட்டருக்கு 44,000 பிகோகியூரிக்கும் மேல். அமெரிக்கக் குடிநீர் வரம்பு 20,000. அடுத்தடுத்து இன்னும் பல கிணறுகள் தோண்ட, உலைக்கு மிக அருகில் 6 லட்சத்தைத் தாண்டிய அளவும் கிடைத்தது.

பிகோகியூரி என்னும் தொல்லை

இந்த அலகு பற்றி ஒரு வார்த்தை. பிகோ என்றால் லட்சம் கோடியில் ஒரு பங்கு. 20,000 பிகோகியூரி என்பது நொடிக்கு 740 சிதைவுகள். நம் உடம்பில் இயல்பாகவே இருக்கும் பொட்டாசியம்-40 நொடிக்கு நான்காயிரத்துக்கும் மேலான சிதைவுகளைத் தந்துகொண்டிருக்கிறது. டிரிட்டியத்தின் பீட்டா கதிர் தோலைக்கூடத் தாண்டாது, உடம்புக்குள் போனால்தான் பிரச்சினை. உலக சுகாதார நிறுவனத்தின் இன்றைய வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10,000 பெக்கரல் (ஒரு பெக்கரல் என்றால் நொடிக்கு ஒரு சிதைவு), அமெரிக்க வரம்பைப் போல பதின்மூன்று மடங்கு. ஆனால் நாளிதழில் 'ஆறு லட்சம்' என்று எண் வந்தால் எந்தத் தாயும் மாற்றுக் கணக்கு போட்டுக்கொண்டிருக்க மாட்டாள்.

அதோடு அந்தத் தாய் வெற்றிடத்தில் வாழவில்லை. சரியாக ஓர் ஆண்டுக்கு முன்புதான், 1996 ஜனவரியில், ஆய்வுக்கூடத்துக்குத் தெற்கே ஏறத்தாழ 800 வீடுகளுக்குப் பொதுக் குடிநீர் இணைப்பை அரசே தன் செலவில் தருவதாக அறிவித்திருந்தார்கள். கரைப்பான் ரசாயனங்கள் சொந்தக் கிணறுகளை நெருங்கிவிட்டன என்பதால். ஷர்லி போன்ற ஊர்களில் இருந்தவர்கள் பெரும் பணக்காரர்கள் அல்ல. கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பிள்ளை வளர்த்தவர்கள். லாங் ஐலண்டில் மார்பகப் புற்றுநோய் அதிகம் என்ற கவலை ஏற்கெனவே ஊர் முழுக்க இருந்தது. இதே கவுண்டியில் ஷோரம் அணுமின் நிலையத்தை பல நூறு கோடி டாலர் செலவில் கட்டி, மக்கள் எதிர்ப்பால் திறக்காமலே கைவிட்ட நினைவும் பழையதாகவில்லை.

இந்தக் கூட்டத்துக்கு முன்னால் நின்றுதான் விஞ்ஞானிகள் 'இதில் ஆபத்து இல்லை' என்றார்கள். சொன்னது உண்மை. ஆனால் எதிரே இருந்தவர்கள் கேட்டது வேறு: எத்தனை வருஷமாகக் கசிகிறது? உங்களுக்கு எப்போது தெரியும்? கிணறு தோண்டுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஏன் தோண்டவில்லை? இந்த மூன்று கேள்விக்கும் பெக்கரலில் பதில் கிடையாது.

பதவி போனவர்களும் போகாதவர்களும்

சாமியோஸ் இயக்குநர் பதவியிலிருந்து விலகினார். பீட்டர் பாண்ட் என்ற இயற்பியலாளர் இடைக்கால இயக்குநர் ஆனார். பென்யாவின் அறிவிப்பு வளாகத்தில் எல்லோரையும் உலுக்கியது. ஊழியர்களின் வேலை புதிய ஒப்பந்ததாரருக்கு மாறும் என்பதால் யாரும் மறுநாளே தெருவுக்கு வரவில்லை. ஆனால் ஐம்பது ஆண்டு அறிவியல் சாதனை ஒரு பத்திரிகையாளர் சந்திப்பில் பொருளற்றுப் போனது என்ற கசப்பு ஆழமானது.

நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு அதே ஆண்டு நவம்பரில் தந்த அறிக்கை பொறுப்பை இரண்டாகப் பிரித்தது. கிணறுகளைத் தள்ளிப்போட்டது ஆய்வுக்கூடத்தின் தவறு. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது எரிசக்தித் துறையின் தவறு. சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். 1987 உடன்பாட்டில் கையெழுத்திட்டதே துறைதான். அதை நிறைவேற்றப் பணம் ஒதுக்கும் அதிகாரமும் துறையிடம்தான். ஒப்பந்ததாரரை நீக்கலாம், துறை தன்னைத் தானே நீக்கிக்கொள்ள முடியாது. அதனால் தண்டனை ஒரு பக்கம் மட்டும் விழுந்தது.

1998இல் ஸ்டோனி ப்ரூக் பல்கலைக்கழகமும் பட்டெல் என்ற ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்த புதிய அமைப்பு பொறுப்பேற்றது. இயக்குநராக வந்தவர் ஜான் மார்பர்கர். ஷோரம் விவகாரத்தில் ஆளுநர் அமைத்த குழுவுக்குத் தலைமை தாங்கிய அனுபவம் அவருக்கு இருந்தது. அணுசக்தியைப் பற்றி லாங் ஐலண்ட் மக்கள் எப்படிக் கோபப்படுவார்கள் என்பதை நேரில் பார்த்தவர். எதிர்ப்பாளர்களையும் உட்காரவைத்த ஆலோசனைக் குழு ஒன்று அதே ஆண்டு தொடங்கியது. நிலத்தடி நீர் முடிவுகளை, நல்லதோ கெட்டதோ, முதலில் அந்தக் குழுவிடம் வைப்பது வழக்கமாயிற்று.

தொழில்நுட்ப வேலை சிக்கலில்லாமல் முடிந்தது. டிரிட்டிய நீர் பரவிய பகுதியின் முன்முனையில், உலைக்குத் தெற்கே ஏறக்குறைய ஒரு கிலோமீட்டரில், 1997லேயே பம்புகள் வைத்தார்கள். நீரை இறைத்து மீண்டும் வடக்கே கொண்டுவந்து மண்ணில் விட்டார்கள். நிலத்தடி நீர் அங்கே நாளுக்கு ஓர் அடி வேகத்தில்தான் நகரும். டிரிட்டியத்தின் அரைவாழ்வு 12.3 ஆண்டு. நேரத்தை வாங்கினால் போதும், மீதியைச் சிதைவே பார்த்துக்கொள்ளும். குளமும் அந்த ஆண்டு முடிவதற்குள் வடிக்கப்பட்டது.

மூடும் முடிவு

உலை 1996 டிசம்பரில் வழக்கமான பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டது. அதன் பிறகு அது இயங்கவே இல்லை.

மறுபடி இயக்கலாமா என்பதற்கு முறைப்படி சுற்றுச்சூழல் தாக்க ஆய்வு ஒன்று தொடங்கியது. செனட்டர் அல்ஃபோன்ஸ் டமாட்டோவும் அந்தத் தொகுதியின் உறுப்பினர் மைக்கேல் ஃபோர்ப்ஸும் நிரந்தரமாக மூட வேண்டும் என்றார்கள். நடிகர் ஆலெக் பால்ட்வின் ஆதரித்த ஓர் அமைப்பும் அதையே கேட்டது. 1999 நவம்பரில், ஆய்வு முடிவதற்கு முன்பே, அப்போதைய எரிசக்திச் செயலாளர் பில் ரிச்சர்ட்சன் உலையை நிரந்தரமாக மூடுவதாக அறிவித்தார்.

இந்த முடிவை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. குளத்துக்கு எஃகு உறை போட்டிருக்கலாம். குளத்தின் கோளாறுக்கு உலையைப் பலி கொடுக்க வேண்டியதில்லை. ஓர் ஆய்வைத் தொடங்கிவிட்டு அதன் முடிவு வரும் முன்பே தீர்ப்பு சொல்வது, ஆய்வுக்கூடம் கிணறு விஷயத்தில் செய்த அதே தவறின் இன்னொரு முகம். அளக்கும் முன்பே விடை தெரியும் என்ற நினைப்பு. அதே நேரம், ஊர் மக்களை அறியாமை என்று திட்டிய விஞ்ஞானிகளோடும் என்னால் சேர முடியவில்லை. எழுதிக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றாதவன் 'என் கணக்கை நம்பு' என்று கேட்டால், நம்ப மறுப்பது அறியாமை ஆகாது.

முழு விலையையும் கொடுத்தவர்கள் இந்தச் சண்டையின் இரண்டு பக்கத்திலும் இல்லாதவர்கள். நியூட்ரான் கற்றைக்காக நாட்டின் பல பல்கலைக்கழகங்களிலிருந்து வந்துபோன ஆராய்ச்சியாளர்கள், பாதி ஆய்வோடு நின்ற மாணவர்கள், உலையை இரவு பகலாக இயக்கிய ஆபரேட்டர்கள். கிணறு தோண்டும் பட்டியலை இவர்களில் பெரும்பாலோர் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். மேரிலாந்தில் உள்ள உலைக்கும் டென்னசியின் ஓக் ரிட்ஜுக்கும் அவர்கள் இடம் தேடிப் போக வேண்டியதாயிற்று. ஓக் ரிட்ஜில் அமெரிக்காவின் புதிய பெரிய நியூட்ரான் உற்பத்தி மையம் திறந்தது 2006இல். ப்ரூக்ஹேவன் மற்ற துறைகளில் தொடர்ந்து ஓடியது. கனமான அணுக்கருக்களை மோதவிடும் கனஅயனி மோதுகலம் 2000இல் இயங்கத் தொடங்கியது. உலையின் சிவப்பும் வெள்ளையும் பூசிய 320 அடி புகைபோக்கியை 2021 பிப்ரவரியில் வெடிவைத்துத் தகர்த்தார்கள்.